பன்றியின் சினை தொடங்கும் முதல் மாதத்தில் சினைப்பை என்ன செய்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பன்றியின் சினைக்காலம் சுமார் 114 நாள். கருக்களில் பெருமளவு இழப்பு ஏற்படுவது முதல் 30 நாளுக்குள், அதிலும் பாதிக்கு மேல் முதல் மூன்று வாரத்தில். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு மாற்றமும் தெரியாது. உள்ளே சினைப்பைக்கும் கருப்பைக்கும் கருக்களுக்கும் இடையே ஹார்மோன்கள் வழியாகப் பெரிய பேச்சுவார்த்தையே நடக்கிறது. அதைப் பற்றிப் பண்ணையாளர்களும் கால்நடை மருத்துவ மாணவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். நாள் கணக்கு எல்லாம் பருவம் (பன்றி இணை சேரத் தயாராகும் காலம்) தொடங்கிய நாளைப் பூஜ்யமாக வைத்து எண்ணியது.

முட்டைகள்தான் வெளியேறிவிட்டனவே, அதற்குப் பிறகு சினைப்பைக்கு என்ன வேலை?

அதன் பெரிய வேலையே அப்போதுதான் தொடங்குகிறது. நல்ல இனத் தாய்ப்பன்றி ஒரு பருவத்தில் 15 முதல் 25 முட்டைகள் வரை விடும். ஒவ்வொரு முட்டையும் 7, 8 மி.மீ. அளவுக்கு வளர்ந்த ஒரு ஃபாலிக்கிளில் (முட்டை வளரும் நீர்ப்பை) இருந்து வருகிறது. ஃபாலிக்கிள் உடைந்த குழியில் முதலில் இரத்தம் கட்டும். பிறகு அதன் சுவரில் மிஞ்சிய செல்கள் பெருத்து, புதிய இரத்தக் குழாய்கள் உள்ளே புகுந்து, ஒரு வாரத்துக்குள் அது திடமான உருண்டையாகிவிடும். அதுதான் கார்பஸ் லூட்டியம். 20 முட்டை விட்டால் 20 கார்பஸ் லூட்டியம்.

முட்டை கருவுற்றதா இல்லையா என்பது கார்பஸ் லூட்டியத்துக்குத் தெரியாது. இணை சேர்த்த பன்றியிலும் சேர்க்காத பன்றியிலும் முதல் 12 நாள் அது ஒரே மாதிரிதான் வளரும், ஒரே மாதிரிதான் சினையைக் காக்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனைச் சுரக்கும். இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் மற்ற எல்லாம் எளிதாகப் புரியும்.

கார்பஸ் லூட்டியம் பார்க்க எப்படி இருக்கும்?

சினைப் பன்றியின் சினைப்பையைத் தட்டில் வைத்துப் பார்த்தால் திராட்சைக் கொத்து போல உருண்டை உருண்டையாகப் புடைத்திருக்கும். முதல் இரண்டு மூன்று நாள் ஒவ்வொன்றும் கருஞ்சிவப்பாக, தொட்டால் மெத்தென்று இருக்கும்; கத்தியால் கீறினால் நடுவில் உறைந்த இரத்தம் தெரியும். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் இளஞ்சிவப்புச் சதை நிறத்துக்கு வந்திருக்கும். குறுக்கே வெட்டினால் உள்ளே முழுக்கத் திடம். அகலம் கிட்டத்தட்ட 1 செ.மீ. பசுவின் சினைப்பையில் காண்கிற அந்தப் பளிச்சென்ற மஞ்சள் நிறம் பன்றியில் கிடையாது. சினை பிடிக்காத பன்றியில் 18ஆம் நாள் வாக்கில் இதே உருண்டைகள் சுருங்கி வெளுத்துப்போயிருக்கும்.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி சொல்வேன். சினைப்பையில் கார்பஸ் லூட்டியங்களை எண்ணுங்கள், கருப்பையில் உயிருள்ள கருக்களை எண்ணுங்கள். முதல் எண், விட்ட முட்டைகள், இரண்டாவது, தங்கியவை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 20 முதல் 40 சதவீதம் வரைகூட இருக்கும். இதை நேரில் எண்ணிப் பார்த்த மாணவர் முதல் மாத இழப்பை மறக்கவே மாட்டார்.

புரோஜெஸ்டிரோன் எப்படி உண்டாகிறது?

மூலப்பொருள் கொலஸ்ட்ரால். இரத்தத்தில் கொழுப்பைச் சுமந்து வரும் எல்.டி.எல். துகள்களிலிருந்து லூட்டியல் செல்கள் (கார்பஸ் லூட்டியத்தின் செல்கள்) அதை எடுத்துக்கொள்கின்றன. ஸ்டார் என்ற புரதம் அதை மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அங்கே ஒரு நொதி அதன் பக்கச் சங்கிலியை வெட்டி பிரெக்னெனலோன் ஆக்கும். அடுத்த நொதி அதைப் புரோஜெஸ்டிரோனாக மாற்றும். இந்த வரிசையில் வேகத்தைத் தீர்மானிப்பது கொலஸ்ட்ராலை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கொண்டுசேர்க்கும் படிதான்.

செல்களிலும் இரண்டு வகை உண்டு. ஃபாலிக்கிளின் உள் அடுக்கான கிரானுலோசாவிலிருந்து வந்தவை பெரும்பாலும் பெரிய செல்கள். வெளி அடுக்கான தீக்காவிலிருந்து வந்தவை சிறியவை. இரண்டுமே புரோஜெஸ்டிரோன் தரும். கார்பஸ் லூட்டியத்தைக் கரைக்கக்கூடிய புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளுக்கான ஏற்பிகள் அதிகம் இருப்பது பெரிய செல்களில். பின்னால் வரப்போகிற நாடகத்தில் இதற்குப் பெரிய பங்கு இருக்கிறது.

ஒரு சின்னத் தகவல். புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனை உலகம் அறிந்ததே பன்றிச் சினைப்பைகளால்தான். 1929இல் ஜார்ஜ் கார்னரும் வில்லார்ட் ஆலனும் பன்றியின் கார்பஸ் லூட்டியத்திலிருந்து எடுத்த சாற்றைச் சினைப்பை நீக்கப்பட்ட முயல்களுக்குக் கொடுத்து, அதுவே சினையைக் காக்கிறது என்று காட்டினார்கள். 1934இல் ஜெர்மன் வேதியியலாளர் புட்டெனாண்ட் தூய புரோஜெஸ்டிரோனைப் பிரித்தெடுக்க ஏறத்தாழ 50,000 பன்றிகளின் சினைப்பைகள் தேவைப்பட்டன. கிடைத்தது சில மில்லிகிராம்தான்.

இரத்தத்தில் எவ்வளவு இருக்கும்?

பருவ நாளில் ஒரு மில்லிலிட்டருக்கு 1 நானோகிராமுக்கும் குறைவு. முட்டை வெளியேறியதும் ஏறத் தொடங்கி, 12 முதல் 14 நாளுக்குள் 20 முதல் 40 நானோகிராம் வரை போகும். சினை தங்கினால் பிறகு கொஞ்சம் இறங்கி நிலையாக நிற்கும். சினை காக்கப்பட வேண்டுமானால் 4 முதல் 6 நானோகிராமுக்குக் கீழே போகக் கூடாது. அதாவது இயல்பாக இருக்கும் அளவு, தேவையைப்போல் சில மடங்கு.

ஆனால் கழுத்துச் சிரையில் எடுத்த இரத்தம் முழுக் கதையையும் சொல்லாது. சினைப்பையிலிருந்து வெளியேறும் சிரையில் புரோஜெஸ்டிரோன் செறிவு மிக மிக அதிகம். அந்தச் சிரையும் கருப்பைக்குப் போகும் தமனியும் ஒன்றையொன்று ஒட்டிப் பின்னி ஓடுவதால், ஹார்மோனில் ஒரு பகுதி நேராகத் தமனிக்குக் கடந்து கருப்பைக்கே போய்விடுகிறது. உடல் முழுக்கச் சுற்றாமல் பக்கத்து வீட்டுக்கே நேரடி விநியோகம். அதனால் கருப்பைக்குக் கிடைக்கும் அளவு, சோதனைக் குழாயில் காண்பதைவிட அதிகம்.

கருப்பையில் புரோஜெஸ்டிரோன் செய்வது என்ன?

தசைகளை அமைதிப்படுத்துகிறது, மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும் எல்.எச். (முட்டையை வெளியேற்றும் ஹார்மோன்) துடிப்புகளை அடக்கி அடுத்த பருவத்தைத் தள்ளிவைக்கிறது. இவை பலருக்கும் தெரிந்தவை. அதைவிட முக்கியம், கருப்பைச் சுரப்பிகளைக் கருக்களுக்கான உணவைச் சுரக்க வைப்பது. பன்றிக் கரு கருப்பைச் சுவரைத் துளைத்து உள்ளே போவதில்லை. 13, 14ஆம் நாளில்தான் மேலோட்டமாக ஒட்டவே தொடங்கும். அதுவரை அது மிதந்தபடி, இந்தச் சுரப்பை நம்பித்தான் வாழ்கிறது. அதில் யூட்டரோஃபெரின் என்ற இரும்பு தாங்கும் புரதம் இருக்கிறது, நிறம் ஊதா. புரோஜெஸ்டிரோன் செல்வாக்கில் இருக்கும் கருப்பையிலிருந்து திரட்டிய நீர் அதனாலேயே இளஊதாவாகத் தெரியும்.

12ஆம் நாளுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

ஏனென்றால் கார்பஸ் லூட்டியத்தின் தலையெழுத்து அந்த நாளை ஒட்டித்தான் முடிவாகிறது.

கரு தரப்பிலிருந்து தொடங்குவோம். முட்டை வெளியேறி இரண்டு நாளில், நான்கு செல் நிலையில், கரு கருப்பைக் கொம்பின் (கருப்பையின் இரு நீண்ட கிளைகளில் ஒன்று) நுனிக்கு வந்துசேரும். 6, 7ஆம் நாள் தன்னைச் சுற்றியுள்ள உறையை உடைத்து வெளிவரும். பிறகு கருக்கள் கொம்புகளுக்குள் அங்குமிங்கும் நகர்ந்து, ஒரு கொம்பிலிருந்து மற்றதற்கும் போய், இடைவெளி விட்டுப் பரவிக்கொள்ளும். 10ஆம் நாள் சில மில்லிமீட்டர் உருண்டை. 12ஆம் நாள் வாக்கில் அது ஒரு மணி நேரத்துக்கு 30, 40 மி.மீ. வேகத்தில் நீண்டு 15, 20 செ.மீ. நூலாகிவிடும். 16ஆம் நாளுக்குள் ஒரு மீட்டரை நெருங்கும். உயிரினங்களில் இப்படியொரு நீட்சியைப் பார்ப்பது அரிது.

நீளும்போதே கரு எஸ்ட்ரடையால் என்ற ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது. முதல் அலை 11, 12ஆம் நாளில். இரண்டாவது, நீடித்த அலை 15ஆம் நாளுக்கு மேல் மாத இறுதி வரை.

தாய் தரப்பில், கரு இல்லையென்றால் 15, 16ஆம் நாளில் கருப்பையின் உட்படலம் புரோஸ்டாகிளாண்டின் எஃப்2 ஆல்ஃபாவை இரத்தத்துக்குள் விடும். அது சினைப்பைக்குப் போய்க் கார்பஸ் லூட்டியங்களைக் கரைக்கும். புரோஜெஸ்டிரோன் சரிந்து, 21ஆம் நாள் பன்றி மீண்டும் பருவத்துக்கு வரும். கரு இருந்தால், அதன் ஈஸ்ட்ரோஜன் இந்தப் புரோஸ்டாகிளாண்டினை இரத்தத்துக்குப் போகவிடாமல் கருப்பைக் குழிக்குள்ளேயே திருப்பிவிடுகிறது. 1977இல் பேசர், தாட்சர் என்ற இரு ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கம் இது. அதாவது, சுரப்பது நிற்கவில்லை. போகும் திசைதான் மாறியது. கூடவே புரோஸ்டாகிளாண்டின் ஈ2 என்ற இன்னொன்று அதிகமாகி, கார்பஸ் லூட்டியத்துக்குப் பாதுகாப்பாக நிற்கிறது.

அப்படியானால் ஈஸ்ட்ரோஜன் ஒன்றுதான் அந்தச் சிக்னலா?

நெடுங்காலம் அப்படித்தான் பாடம் நடந்தது. 2019இல் வெளியான ஆய்வு ஒன்று அதைத் திருத்தியது. மரபணுத் திருத்தம் மூலம் ஈஸ்ட்ரோஜன் செய்யவே முடியாத கருக்களை உருவாக்கித் தாய்ப்பன்றிகளில் வைத்தார்கள். கார்பஸ் லூட்டியங்கள் உடனே கரையவில்லை, சினை தொடர்ந்தது. ஆனால் ஒரு மாதத்தை நெருங்கும்போது கலைந்தது. ஆக, முதல் கட்டத்தைத் தாண்ட ஈஸ்ட்ரோஜன் கட்டாயமில்லை. சினையைத் தொடர்ந்து காக்கக் கட்டாயம்.

அதற்கு முந்தைய ஆண்டு வந்த இன்னொரு ஆய்வில், இன்டர்லூக்கின் 1 பீட்டா என்ற செய்தி கடத்தும் புரதத்தின் கருவுக்கே உரிய வடிவத்தை நீக்கியபோது கருக்களால் நீளவே முடியவில்லை. நீட்சி, ஈஸ்ட்ரோஜன், புரோஸ்டாகிளாண்டின் ஈ2 எல்லாம் சேர்ந்துதான் தாய்க்குச் செய்தி போகிறது என்று இப்போது பார்ப்பதே சரி. ஒரே ஹார்மோனின் தலையில் எல்லாப் பொறுப்பையும் கட்டுவது எனக்கு ஒருபோதும் திருப்தி தந்ததில்லை.

நஞ்சுக்கொடி வளர்ந்ததும் சினைப்பைக்கு ஓய்வு கிடைக்காதா?

கிடைக்காது. மனிதரிலும் செம்மறி ஆட்டிலும் நஞ்சுக்கொடி பிறகு புரோஜெஸ்டிரோன் பொறுப்பை ஏற்கும். பன்றியில் கடைசி நாள் வரை கார்பஸ் லூட்டியம்தான். எந்த நாளில் சினைப்பைகளை அகற்றினாலும் சினை கலையும்.

பிட்யூட்டரியின் உதவியும் கட்டம் கட்டமாக மாறுகிறது. முதல் 12 நாள் அளவுக்கு, முட்டையை வெளியேற்றிய அந்த எல்.எச். எழுச்சி கொடுத்த உந்துதலே கார்பஸ் லூட்டியத்துக்குப் போதும். அதற்குப் பிறகு எல்.எச். தொடர்ந்து வேண்டும். சினையின் பிற்பாதியில் புரோலாக்டின் என்ற பிட்யூட்டரி ஹார்மோனும் தேவைப்படும். மனிதக் கரு சுரக்கிற எச்.சி.ஜி. போன்ற ஒன்றைப் பன்றிக் கரு சுரப்பதில்லை. அதனால் மனிதருக்கான சிறுநீர்ப் பரிசோதனை அட்டை பன்றிக்கு உதவாது. இதையும் சிலர் கேட்கிறார்கள்.

குறைந்தது நான்கு கருக்கள் வேண்டும் என்கிறார்களே?

ஆமாம், 12ஆம் நாள் வாக்கில் பொதுவாகக் குறைந்தது நான்கு வேண்டும், அதுவும் இரண்டு கொம்புகளிலும் பரவியிருக்க வேண்டும். கருப்பையின் பெரும்பகுதி காலியாகக் கிடந்தால், அந்தப் பகுதியின் உட்படலம் புரோஸ்டாகிளாண்டினை இரத்தத்துக்குள் விட்டுக்கொண்டே இருக்கும். மூன்று நல்ல கருக்கள் இருந்தும் சினை தங்காமல் போவது இதனால்தான். இந்தக் கட்டத்தைத் தாண்டிய பிறகு கருக்களின் எண்ணிக்கை குறைந்தால் சினை தொடரலாம். ஒன்றிரண்டு குட்டிகளுடன் ஈனும் பன்றிகள் பெரும்பாலும் அந்த வகை.

சில பன்றிகள் 21ஆம் நாள் திரும்புகின்றன, சில 28ஆம் நாள். என்ன வித்தியாசம்?

இந்தப் பக்கத்திலேயே பண்ணைக்கு அதிகம் பயன்படும் கேள்வி இதுதான் என்பேன்.

18 முதல் 24 நாளுக்குள் திரும்பினால், 12ஆம் நாளில் கருப்பைக்குப் போதுமான செய்தி வரவில்லை என்று பொருள். கருவுறுதல் நடக்கவில்லை, அல்லது கருக்கள் மிகக் குறைவு. அப்போது பார்க்க வேண்டியது விந்தின் தரம், கருவூட்டிய நேரம், பருவம் கண்டறியும் முறை. பன்றியில் முட்டை வெளியேறுவது பருவக் காலத்தின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கடந்த பிறகு. அந்த நேரத்தைத் தவறவிட்டால் மற்றது எல்லாம் சரியாக இருந்தும் பலனில்லை.

25 முதல் 35 நாளுக்குள் திரும்பினால் கதையே வேறு. கருக்கள் இருந்தன, 12ஆம் நாள் செய்தியும் சொல்லிவிட்டன, கார்பஸ் லூட்டியங்களும் நின்றன. பிறகு கருக்கள் செத்துவிட்டன. அதனால்தான் பருவம் தள்ளிப்போய் வந்தது. இங்கே விந்தைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை. அந்த நாள்களில் பன்றிகளைக் கலந்து விட்டீர்களா, சண்டை நடந்ததா, கடும் வெப்பம் தாக்கியதா, காய்ச்சல் வந்ததா, தீவனத்தில் பூஞ்சை இருந்ததா என்று தேட வேண்டும். கருவூட்டிய முதல் இரண்டு மூன்று நாளுக்குள் இடம் மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் ஒரு மாதம் கழியட்டும். இடையில் தொந்தரவு வேண்டாம்.

திரும்பி வந்த பன்றிகளை ஒரே பட்டியலில் போட்டு, "சினை பிடிக்கவில்லை" என்று ஒரே காரணம் எழுதிவைக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். தேதியைப் பார்த்தாலே தவறு எங்கே என்று பாதி தெரிந்துவிடும்.

பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்துக்கும் சினைப்பைக்கும் என்ன தொடர்பு?

ஃபியூசேரியம் பூஞ்சை செய்யும் சீரலெனோன் என்ற நச்சு, ஈஸ்ட்ரோஜன் போலவே வேலை செய்யும். பன்றி அதற்கு மிகவும் எளிதில் ஆளாகும் விலங்கு. ஈஸ்ட்ரோஜன் சிக்னல் சரியான நாளில் வந்தால் சினையைக் காக்கும். 9, 10ஆம் நாளிலேயே வெளியிலிருந்து வந்தால் கருப்பையின் கால ஓட்டம் கருவைவிட முந்திவிடும். கரு ஈடுகொடுக்க முடியாமல் சில நாளில் அழியும்.

கரு இல்லாத பன்றிக்கு 11 முதல் 15 நாளுக்குள் ஈஸ்ட்ரோஜன் கொடுத்தாலோ, நச்சுத் தீவனம் உள்ளே போனாலோ, வேறொரு தொல்லை. கார்பஸ் லூட்டியங்கள் கரையாமல் மாதக் கணக்கில் நின்றுவிடும். பருவமும் வராது, குட்டியும் இருக்காது. பொய்ச்சினை என்பது இதுதான். பூசணம் வாடை அடிக்கும் தானியத்தை மற்ற விலங்குக்குத் தள்ளிவிடுவதும் தீர்வில்லை. சினைப் பன்றிக்குக் கண்டிப்பாக வேண்டாம்.

கருவூட்டியதும் தீவனத்தைக் கூட்டலாமா?

இளம் பெண்பன்றிகளில் முதல் மூன்று நாள் கவனம் தேவை. அதிகம் தின்றால் கல்லீரலுக்கு இரத்த ஓட்டம் கூடி, புரோஜெஸ்டிரோன் வேகமாக அகற்றப்படும். அந்த நாள்களில் புரோஜெஸ்டிரோன் ஏற்றம் தாமதமானால் கரு பிழைப்பு குறையலாம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் இதை வைத்துக்கொண்டு, பால் கொடுத்து மெலிந்து வந்த தாய்ப்பன்றியையும் பட்டினி போடுவது பெரிய தவறு. அதன் உடல்நிலையைத் தேற்றுவதுதான் முதல் வேலை.

புரோஜெஸ்டிரோன் ஊசி போட்டால் அதிகக் கரு தங்குமா?

நம்பி இறங்க வேண்டாம். ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று முரணானவை. முட்டை வெளியேறிய உடனே கொடுத்தால் கருப்பை கருவை முந்திக்கொண்டு போகும். இருவரும் ஒத்துப்போகாவிட்டால் இழப்புதான் கூடும். ஆரோக்கியமான பன்றிக்குத் தன் 15, 20 கார்பஸ் லூட்டியங்கள் தருவதே தாராளம்.

சினைக்காலத்தில் ஃபாலிக்கிள்கள் வளராதா?

வளரும், ஆனால் சின்னதாகவே நின்று அழிந்துவிடும். புரோஜெஸ்டிரோன் எல்.எச். துடிப்பை அடக்கிவைப்பதால் முட்டை விடும் அளவுக்கு எதுவும் வராது.

ரிலாக்சின் என்ற ஹார்மோன் எப்போது தொடங்குகிறது?

அதுவும் கார்பஸ் லூட்டியத்தின் பெரிய செல்களில்தான் உண்டாகிறது. முதல் மாத இறுதியிலிருந்து சிறு துகள்களாக உள்ளேயே சேமிக்கப்பட்டு, ஈனுவதற்கு முன்பு மொத்தமாக வெளியே விடப்படும். கருப்பை வாய் நெகிழ்வது அதனால்தான்.

இரத்தம் எடுத்துச் சினையை உறுதி செய்யலாமா?

18 முதல் 22 நாளில் புரோஜெஸ்டிரோன் 5 நானோகிராமுக்கு மேல் இருந்தால் கார்பஸ் லூட்டியம் உயிரோடு இருக்கிறது என்று தெரியும். கரு இருக்கிறதா என்று தெரியாது. பொய்ச்சினையிலும், பருவச் சுழற்சி நீண்ட பன்றியிலும் அதே அளவு வரும். குறைவாக இருந்தால் சினை இல்லை என்பது மட்டும் உறுதி. ஈஸ்ட்ரோஜனின் ஒரு வடிவமான ஈஸ்ட்ரோன் சல்ஃபேட் கருக்களிடமிருந்தே வருவதால், 25 முதல் 30 நாளில் அதைப் பார்ப்பது நேரடிச் சான்று. ஆனாலும் 24ஆம் நாளுக்குப் பிறகு ஸ்கேன் கருவியில் கருநீர்ப் பைகளைக் கண்ணால் பார்ப்பதையே நான் விரும்புகிறேன்.

புரோஸ்டாகிளாண்டின் ஊசி தவறுதலாகச் சினைப் பன்றிக்குப் போனால்?

12ஆம் நாளுக்கு முன்பு ஒரு ஊசியால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பன்றியின் கார்பஸ் லூட்டியம் அதுவரை அதற்கு மசியாது. பசுவுக்குப் போடுவது போல இந்த ஊசியால் பன்றியைப் பருவத்துக்குக் கொண்டுவர முடியாமல் போவதும் இதனால்தான். அந்த வாசல் திறந்த பிறகு எந்த நாளில் போட்டாலும் சினை கலையும். எனவே ஊசிக் குப்பியைத் தனியாகப் பூட்டி வையுங்கள், பன்றியின் எண்ணை இரண்டு முறை சரிபாருங்கள். மருந்து தோல் வழியாகவும் உள்ளே போகும். கர்ப்பிணிப் பெண்களும் ஆஸ்துமா உள்ளவர்களும் அந்தக் குப்பியைத் தொடவே கூடாது; மற்றவர்கள் கையுறை போட்டுக்கொண்டு, சிந்தினால் உடனே சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவ வேண்டும்.